தாமரையின் பழைய குரல்

தாமரைச்செல்வியின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் பார்த்தது அவள் கணவன் பத்ரிதான். அதுவும் நேரில் இல்லை. அவள் மேடையில் பாடியதை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். உச்சத்துக்குப் போகிற இடத்தில் அவள் தலையை நிமிர்த்தினாள். அப்போது தொண்டைக்குக் கீழே, வலது பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒன்று ஏறி இறங்கியது. பத்ரி வீடியோவைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். அப்புறம் அடுப்படிக்குப் போனான்.

"கொஞ்சம் அண்ணாந்து பாரு" என்றான்.

"எதுக்கு? தோச தீயப்போகுது."

"பாரு தாமரை."

அவள் கையில் தோசைக் கரண்டியோடு அண்ணாந்தாள். அவன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தான். அவள் எச்சில் விழுங்கியபோது அது அவன் விரலுக்கடியில் நகர்ந்தது. அவளுக்குக் கூச்சமாகிச் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

அவர்கள் இருவரும் 'கரடு' என்கிற பேண்டில் இருந்தார்கள். பாறையும் முள்ளுமாகக் கிடக்கிற சின்னக் குன்றை மதுரைப் பக்கம் கரடு என்பார்கள். ராக் பேண்டுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்று அடம்பிடித்து வைத்தவன் டிரம்ஸ் வாசிக்கிற பால்பாண்டி. அவனுக்குத் திருப்பரங்குன்றத்தில் மைக்செட் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகையில்தான் அவர்கள் கூடி வாசிப்பார்கள். பக்கத்தில் ரயில் போகும்போது தகரமெல்லாம் அதிரும். அதற்காக நிறுத்த மாட்டார்கள். ரயிலின் தாளத்துக்குத் தாவிக்கொண்டு, அது கடந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவார்கள்.

பால்பாண்டியின் கை உறுமியிலும் பறையிலும் பழகிய கை. பேஸ் கிதார் வாசித்த கிரிதர் ஒரு வங்கியில் வேலை பார்த்தான், ரெக்கே இசைப் பைத்தியம். பத்ரி திருப்பரங்குன்றத்து அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை. காலையும் மாலையும் நாகஸ்வரம் காதில் விழுந்து வளர்ந்தவன், கல்லூரிக்குப் போனதும் கிதாரைப் பிடித்து, ப்ளூஸ், மெட்டல் பாட்டுகளில் விழுந்தான். இப்போது பசுமலையில் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். தாமரைக்குச் செக்கானூரணி. களை எடுக்கிற பெண்களின் பாட்டும் இழவு வீட்டு ஒப்பாரியும் அவள் காதில் இருந்தன. படித்த கல்லூரியில் சர்ச் பாடகர் குழுவில் ஆள் குறைந்தபோது இவளை நிறுத்தினார்கள். அங்கே நாலு குரலாகப் பிரிந்து பாடக் கற்றுக்கொண்டாள். இத்தனையும் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்று கேட்டவர்கள் உண்டு. சேரவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அவள் வாயைத் திறந்தால் சேர்ந்துவிடும், அவ்வளவுதான்.

அவள் பேண்டில் சேர்ந்த புதிதில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் பால்பாண்டி மைக்செட் கட்டியிருந்தான். வரவேண்டிய பாட்டுக்கச்சேரிக்காரர்களின் வேன் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. விழாக் கமிட்டி பால்பாண்டியைப் பிடித்துக்கொண்டது. "நீதான் ஏதோ கோஷ்டி வச்சிருக்கியாமுல்ல, அவங்களக் கூப்புடுய்யா."

வந்து ஏறினார்கள். முதல் பாட்டு பாதியிலேயே "சினிமாப் பாட்டு போடுங்கப்பா" என்று சத்தம் எழுந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து டிரம்ஸில் விழுந்தது. பத்ரியின் விரல்கள் கம்பியில் வழுக்கின. தாமரை கையைக் காட்டி மூவரையும் நிறுத்தச் சொன்னாள். தனியாக, வார்த்தையே இல்லாமல், ஒப்பாரியில் முதலில் இழுக்கும் அந்த நீண்ட 'ஏ'யை எடுத்தாள். ஓரமாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். பின்னால் விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கினார்கள். அவள் அதே மூச்சில் மேலே போய் அங்கே நின்றாள். பத்ரி அதற்கடியில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் வைத்தான். அதற்குமேல் எதையும் வைக்க அவனுக்குத் துணிவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே தாமரையிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டான்.

அவன் அப்பா சம்மதிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட அப்படி என்னடா கண்டே?" என்று கேட்டார். "குரல்ப்பா" என்றான் பத்ரி. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. தாமரை இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "மத்தவளுகள மூக்கும் முழியும் பாத்துக் கட்டுவாய்ங்க. இவன் எந் தொண்டையப் பாத்துல்ல கட்டியிருக்கான்."

ஸ்கேன், ஊசி வைத்து எடுத்த சோதனை எல்லாம் முடிந்து, அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"புத்துநோய்தான். ஆனா எடுத்துட்டா நல்லாயிடும். உயிருக்குப் பயமில்ல."

பத்ரி மூச்சை விட்டான்.

"ஆனா கட்டி, குரல் நாணுக்குப் போற நரம்பச் சுத்திப் பிடிச்சிருக்கு. நரம்ப விட்டுட்டுக் கட்டிய மட்டும் எடுக்க முடியுமான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும். முடியலன்னா நரம்பையும் சேத்துத்தான் எடுக்கணும். பேச்சு வரும். ஆனா காத்தா வரும்." பிறகு தாமரையிடம் கேட்டார். "நீங்க என்னம்மா வேல பாக்குறீங்க?"

"இன்சூரன்ஸ் ஆபீஸ்ல, கவுன்ட்டர்ல."

"பாடுவா டாக்டர்" என்றான் பத்ரி.

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "கட்டிய விட்டு வைக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் கொட்டகையில் கூடினார்கள். அதுவரை அவர்களிடம் ஒழுங்காகப் பதிவு செய்த பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பிறகு செய்யலாம், நல்ல ஸ்டூடியோவில் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தார்கள். பத்ரி யாரிடமோ நல்ல மைக் இரவல் வாங்கி வந்திருந்தான். சன்னலுக்குப் படுதா கட்டினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள்.

தாமரை எழுதிய பாட்டுகளில் அவளுக்குப் பிடித்தது 'வராத பஸ்ஸு'.

*வெயிலு குடிச்ச ரோட்டு மேல*
*வராத பஸ்ஸுக்கு நிக்கிறேன்*
*வந்தா ஏறுவேனா தெரியாது*
*வரட்டும்னுதான் நிக்கிறேன்*

அன்று அதை நன்றாகவே பாடினாள். பத்ரி "இன்னொரு தடவ" என்றான். மறுபடி பாடினாள். "இன்னும் ஒண்ணு, பத்திரத்துக்கு." வேர்வையில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது. தொண்டை கட்ட ஆரம்பித்தது. பால்பாண்டி குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "போதும் மாப்ள. பிள்ளைக்கு நாளன்னைக்கு ஆப்பரேசன்."

"ஒரே ஒண்ணுண்ணே" என்றான் பத்ரி.

தாமரை அவன் முகத்தைப் பார்த்தாள். மழை வருமுன் காய்ந்த விறகை அள்ளி உள்ளே போடுகிறவனின் முகம் போல இருந்தது. அவன் எதை அள்ளுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. "போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடினாள். பொழுது சாயும்வரை பாடினாள்.

நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

கண் விழித்ததும் பத்ரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உதடு அசைந்தது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வீக்கம் வடிந்தால் தெளியும் என்றார்கள். வடிந்தது. கொஞ்சம் தெளிந்தது. பேச்சுப் பயிற்சிக்குப் போனாள். அதன் பிறகு அவளுக்கு நிலைத்தது தாழ்ந்த, உரசலான, பாதி காற்றாகிப் போகிற ஒரு குரல். ஒரு வாக்கியம் முடியுமுன் மூச்சு தீர்ந்துவிடும். நடுவில் நிறுத்தி இழுத்துக்கொண்டு தொடர வேண்டும்.

அலுவலகத்தில் கவுன்ட்டரிலிருந்து உள்ளே மாற்றினார்கள். ஆட்டோக்காரர்கள் "என்னம்மா? எங்க?" என்று குனிந்தார்கள். சந்தையில் விலை கேட்டால் பின்னால் நிற்பவள் சத்தமாகக் கேட்டு வாங்கிப் போய்விடுவாள். இதெல்லாம் தாமரைக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் பழகிக்கொள்ள முடிந்தது. பத்ரியைத்தான் அவளால் பழகிக்கொள்ள முடியவில்லை.

அவன் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தான். கஞ்சி வைத்தான், துணி துவைத்தான். அவளுக்கு வருகிற போனையெல்லாம் அவனே எடுத்துப் பேசினான். முன்பெல்லாம் ஒரு பாட்டில் இரண்டாவது சரணம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாரம் சண்டை போடுவான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவான். இப்போது எல்லாவற்றுக்கும் "சரி" என்றான். அவள் பேச ஆரம்பித்தால் அவள் சொல்ல வருவதை முந்திக்கொண்டு ஊகித்து முடித்தான். சிரமப்படக் கூடாது என்பதற்காகத்தான் என்று முதலில் நினைத்தாள். பிறகு ஒருநாள் கவனித்தாள். அவள் பேசுகிறபோது அவன் ஜன்னலையோ தரையையோ பார்த்தான். குரல் நின்ற பிறகுதான் அவள் பக்கம் திரும்பினான்.

இதற்கிடையில் அவன் அந்தப் பதிவுகளைச் சரிசெய்து இணையத்தில் ஏற்றியிருந்தான். இத்தனை வருடமாகத் திருமங்கலத்தையும் கொட்டாம்பட்டியையும் தாண்டாத கரட்டை இப்போது எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம் கேட்டார்கள். சென்னையிலிருந்து எழுதினார்கள். மலேசியாவிலிருந்து ஒருத்தர், காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுததாக எழுதியிருந்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அந்தக் குரல், அந்தக் குரல். கிரிதர் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். பாதியில் தாமரையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஒருநாள் அவளே பாடிப்பார்க்கலாம் என்று கொட்டகைக்குப் போனாள். மைக்கை வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டு, பேசுகிற மாதிரி மெல்ல, தாழ்வாக எடுத்தாள். பழைய சுருதியில் வராது. மிகவும் கீழே இறக்கியிருந்தாள். பால்பாண்டி குச்சியை விட்டுவிட்டு விரல்களால் டிரம்ஸின் தோலைத் தடவினான். கிரிதர் அவள் மூச்சு வாங்குகிற இடங்களுக்காகக் காத்திருந்து வாசித்தான். கரகரவென்று, ஓட்டை விழுந்த குரல்தான். ஆனாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. பால்பாண்டி தலையை ஆட்டினான்.

பத்ரி மட்டும் கம்பியில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு கிதாரைக் கழற்றினான். "வேணாம் தாமரை. தொண்டைக்கு ஸ்ட்ரெய்ன் ஆயிடும்."

"வலிக்கல" என்றாள்.

"வேணாம்னா விட்டுரேன்."

வெளியே போய் நின்றுகொண்டான். ரயில் ஒன்று போயிற்று. அது கடந்த பிறகும் அவன் உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. தாமரை செக்கானூரணிக்கு அம்மா சீனியம்மாளைப் பார்க்கக் கிளம்பினாள். பாதி வழியில், அம்மா மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குத் தோட்டத்துப் பூவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள் என்று தெரிந்து, மத்தியானமே பசுமலை வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. பத்ரி முதுகைக் காட்டி மேசைமுன் உட்கார்ந்திருந்தான். காதில் பெரிய ஹெட்போன். அவளைக் கவனிக்கவில்லை. லேப்டாப் திரையில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவின் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

பாட்டுக் கேட்கிறான் என்றுதான் நினைத்தாள். நின்று பார்த்தபோது, பாட்டு இருக்கிற நீளமான கட்டங்களை அவன் தொடவே இல்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் இருந்த ஒரு துண்டை ஓட்டினான், நிறுத்தினான், பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினான். ஹெட்போனிலிருந்து கசிந்தது அவளுக்கும் கேட்டது. அவள் குரல்தான். பாடவில்லை. "ஏய் பத்ரி, தண்ணிய எடுறா" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறாள். மறுபடி, "ஏய் பத்ரி." மறுபடி.

அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவள் அருகில் போய்த் தோளைத் தொட்டாள். துள்ளி ஹெட்போனைக் கழற்றினான்.

"பத்ரி" என்றாள்.

அந்த நேரத்து அவன் முகத்தை அவள் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. அம்மாவிடம்கூட. ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தவனை யாரோ முன்பின் தெரியாத ஆள் எழுப்பினால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். ஒரு நொடிதான். அதற்குள் அது மறைந்துவிட்டது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள் என்பது அவனுக்கும் தெரிந்தது.

"எத்தன நாளா?" என்றாள்.

அவன் லேப்டாப்பை மூடினான்.

"செத்தவ குரலக் கேக்குற மாதிரி கேக்குற. நான் இங்கதான இருக்கேன்."

"நீ பொழச்சதுக்கு நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்றேன். சத்தியமா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அவளக் காணோம் தாமரை. நான் என்ன பண்ணட்டும்? வீடு பூராத் தேடுறேன், அவளக் காணோம்."

அவன் 'அவள்' என்றது யாரை என்று அவள் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தேவலாம் என்று இருவருக்குமே தோன்றியது. வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. தாமரை பேச வேண்டியதையும் பேசாமல் சைகையிலேயே முடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. சொந்தப் பாட்டு வாசிக்கிற பேண்டுகளை ஊர் ஊராகக் கூட்டிப்போய் விழா நடத்துகிறவர்கள், அந்த வருடம் பசுமலையில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடத்தினார்கள். கரடுதான் கடைசியாக வாசிக்க வேண்டும் என்றார்கள். பத்ரி ஒரு யோசனை சொன்னான். மூன்று பேரும் மேடையில் வாசிப்பது. பாட்டுக்குப் பதிவிலிருக்கும் தாமரையின் குரலை ஓடவிடுவது. நடுவில் அவளுடைய மைக்கை மட்டும் நிறுத்தி வைப்பது.

பால்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரோட இருக்குற பிள்ளைக்கு என்னையக் கருமாதி கொட்டு அடிக்கச் சொல்றியா மாப்ள?"

"அப்படி இல்லண்ணே. இம்புட்டுப் பேரு கேட்டு வாராங்க. அந்தக் குரல ஒரு தடவயாவது நம்ம ஊர்ல நல்ல ஸ்பீக்கர்ல…"

"தாமரை பாடட்டும். இப்ப எப்படி வருதோ அப்படிப் பாடட்டும். நான் வாசிக்கிறேன்."

பத்ரி தலையைக் குனிந்துகொண்டான். கிரிதர் தாமரையைப் பார்த்தான்.

"செய்ங்கண்ணே" என்றாள் அவள். "நானும் பாக்கணும்."

"என்னத்தப் பாக்கப்போற?"

மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் அதக் கேக்கணும் போல இருக்கு."

விழா அன்று அவளை மேடைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. பால்பாண்டி அவளைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டு குச்சியைத் தட்டினான். கிதார் எழுந்தது, பேஸ் எழுந்தது. பிறகு, நடுவில் ஆளில்லாமல் நின்ற மைக்குக்கு மேலே, இரண்டு பக்கமும் அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களிலிருந்து அவளுடைய குரல் வந்தது.

அவ்வளவு பெரிதாக அவள் அதைக் கேட்டதே இல்லை. பாடுகிறவள் காதில் விழுவது வேறு. வெளியே நின்று கேட்டால் இப்படியா இருந்தது என்று அதிசயப்பட்டாள். ஓர் இடத்தில், இதற்குமேல் இவள் போகமாட்டாள் என்று நினைத்த இடத்தில், அது இன்னும் மேலே போயிற்று. 'வராத பஸ்ஸு' வந்தபோது மைதானமே சேர்ந்து பாடியது. அவளும் வாயசைத்தாள்.

பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி கன்னமெல்லாம் நனைந்து போயிருந்தாள். "பாவம்டி" என்றாள் தோழியிடம். "இவங்க இறந்துட்டாங்களாம். கேன்சராம். அதான் மைக்கச் சும்மா வச்சிருக்காங்க."

தாமரை அவள் பக்கம் திரும்பினாள். "இல்லம்மா. உசுரோடதான் இருக்காங்க."

"என்னக்கா?"

"சாகல. நான்தான்…"

"கேக்கலக்கா!" அந்தப் பெண் காதைக் காட்டிச் சிரித்தாள். "சவுண்டு ஜாஸ்தியா இருக்கு!" மேடையைப் பார்த்துத் திரும்பி, கையைத் தூக்கிப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

தாமரை இன்னொரு முறை வாயைத் திறந்தாள். ஸ்பீக்கரிலிருந்த அவள் குரல், அவள் வாயிலிருந்த குரலை அமுக்கிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பத்ரி அவளைக் கண்டுபிடித்தபோது கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். உள்ளே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவன் சட்டை நனைந்து போயிருந்தது. முகத்தில் ஒரு ஒளி இருந்தது. அவளைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"இப்பவா? நான் கொண்டாந்து விடுறேன்."

"திரும்ப வரல பத்ரி."

"நான் என்ன பண்ணணும், சொல்லு. அந்தப் பதிவையெல்லாம் அழிச்சிரட்டுமா? இப்பவே அழிச்சிருறேன்."

"வேணாம். நல்லா இருக்கு. அழிக்காத."

"பெறகு?"

அவள் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இந்த முறை அவன் முந்திக்கொண்டு முடிக்கவில்லை.

"நீ ஒருத்தன் மட்டும் அவளத் தொலச்சதா நெனச்சிட்டிருக்க. எனக்கும்தான் அவளத் தேடுது. ஒன்னய விட எனக்கு நல்லாத் தெரியும் அவள. எந் தொண்டைலதான இருந்தா. ஒனக்கு அழணும்னா ஹெட்போனு இருக்கு. நான் அழுதா இந்தக் குரல்லதான் அழணும். அதையும் ஒன்னால கேக்க முடியல."

"முடியும்" என்றான். "பழகிருவேன். கொஞ்சம் டயம் குடு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் நிமிர்ந்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அவளுக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான். அவன் கண்கள் அவள் முகத்தில் கொஞ்சம் நின்றன, பிறகு கழுத்திலிருந்த தழும்புக்கு இறங்கின, பிறகு தரைக்குப் போயின.

அவள் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தினாள். ஆட்டோக்காரர் "எங்கம்மா?" என்று குனிந்தார். பத்ரிதான் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னான். "பெரியார் பஸ் ஸ்டாண்டு. செக்கானூரணி பஸ்ஸுல ஏத்தி விட்ருங்கண்ணே."

கரடு அதோடு முடிந்தது. யாரும் கூடிப் பேசி முடிக்கவில்லை. பால்பாண்டி கூப்பிடவில்லை, மற்றவர்கள் போகவில்லை. கிரிதருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாயிற்று. கொட்டகையில் பழையபடி ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அந்த விழாவின் வீடியோவைப் பார்த்தவர்கள் இன்னமும் அதன் கீழே, இறந்துபோன பாடகிக்கு அஞ்சலி என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் பால்பாண்டி ஒவ்வொருவருக்கும், உயிரோடு இருக்கிறாள் அய்யா என்று பதில் போட்டுப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

தாமரை அம்மா வீட்டிலிருந்தே அலுவலகத்துக்குப் போய்வந்தாள். சீனியம்மாள் எதையும் கேட்கவில்லை. ஒரேயொரு முறை, மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, "அந்தத் தம்பி அடிச்சுகிடிச்சுப்புடுச்சா ஆத்தா?" என்றாள்.

"இல்லம்மா. ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டான்."

"பெறகென்னத்துக்குடி?"

தாமரை மடையைத் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வந்தது. காற்றும் கரகரப்புமாக, நடுநடுவே அறுந்து அறுந்து வந்தது. சீனியம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவளருகில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மகளின் முகத்தைத் துடைத்தாள். அழுது முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சித்திரைக்குப் பிறகு பத்ரி வந்தான். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. ஓசூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக்குக் கிளம்புகிறேன் என்றான். தாமரை காபி போட்டுக் கொடுத்தாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டான். அவன் அப்பா எப்படி இருக்கிறார் என்று இவள் கேட்டாள். போய்ப் பார்த்ததாகவும், அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் என்றும் சொன்னான். அவள் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறெங்கும் பார்க்கவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் அவனும் காத்திருந்தான்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். இப்பல்லாம் அந்தப் பதிவக் கேக்கிறதில்ல. யாரும் தடுக்கல, எனக்கே தோணல. தனியா இருக்கும்போது நீ கூப்புடுற மாதிரி இருக்கும். அப்ப இந்தக் குரல்தான் கேக்குது. பழசு வர மாட்டேங்குது. நானே இழுத்துப் பாத்தாலும் வர மாட்டேங்குது."

அவளுடைய கை தானாக உயர்ந்து கழுத்துத் தழும்பைத் தொட்டது. இதைக் கேட்பதற்காகத்தான் பசுமலை வீட்டில் ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அப்போது இதில் பாதி கிடைத்திருந்தால்கூடப் போதும், அங்கேயே கிடந்திருப்பாள். இப்போது அது வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. தனக்குள் எங்காவது அது விழுகிறதா என்று பார்த்தாள். வலித்தது. ஆனால் எழுந்து அவனிடம் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

"ரொம்ப நாளாயிருச்சு பத்ரி" என்றாள்.

"தெரியும்" என்றான். "திரும்ப வான்னு கேக்குறதுக்காகச் சொல்லல."

எழுந்து செருப்பை மாட்டினான். வாசல்வரை வந்தவளிடம் "வாரேன்" என்றான். அவள் தலையாட்டினாள். பிறகு, அவனுக்குக் கேட்கட்டும் என்று நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, "பாத்துப் போ" என்றாள்.

பைக் கண்மாய்க்கரையில் ஏறி மறைகிறவரை நின்றாள். தோட்டத்திலிருந்து சீனியம்மாள் கூப்பிட்டாள். பூ விரிவதற்குள் எடுத்தாக வேண்டும். தாமரை தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.